சூடு நகர்ந்தால் தெரியும்

அழைப்பு மணி இருக்கிற வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்கள் தாங்களாக எட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். மணி கெட்டுப் போயிருக்காது. கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்காது. கேட்டால், "அவங்க ஏதாவது வேலையா இருப்பாங்க" என்பார். அவருடைய வீட்டின் கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு இருந்த கன்னடக்கார அக்கா ஒருநாள் என் எதிரிலேயே, "ஏன்ரீ சார், பெல்லு என்ன கடிக்குமா?" என்று கேட்டார். சார் சிரித்துவிட்டு, எதற்காக மாடியிலிருந்து இறங்கி வந்தாரோ அதைச் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டார்.

நான் அவர் வீட்டுக்கு, ஆள் நடமாட்டம் காட்டுகிற சென்சார் மாட்டப் போனவள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பீன்யாவில் சென்சார் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் சாலிடரிங் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு அதே முதலாளி வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கும் வேலையையும் ஆரம்பித்தார். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகள்தான் அதிகம். பெண் வந்தால் கதவைத் திறப்பார்கள் என்று என்னை அனுப்பினார். எனக்கு அதில் பெரிய தைரியம் எதுவும் இல்லை. பஸ் ஏறின பிறகு அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடுகிறவள் நான். வீட்டுக்காரர் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும்வரை எனக்கு டிபன் இறங்காது. "போய்ட்டியா, போய்ட்டியா" என்று நான் அடிக்கும் போனை அவருடன் வேலை செய்கிறவர்கள்கூடக் கேலி செய்வார்கள்.

மல்லேஸ்வரத்தில் சாருக்கும் அவருடைய தங்கைக்கும் பொதுவான பழைய மாடி வீடு. அவர்களுடைய அப்பா அந்தக் காலத்திலேயே சர்க்கார் வேலையாக வந்து குடியேறியவர். சாரும் சர்க்கார் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை சிங்கப்பூரில். அந்தத் தங்கைதான் எங்களுக்கு போன் செய்து சென்சார் வேண்டும் என்றார்.

முதல் நாள் நான் தப்பான கிராஸ் தெருவில் இறங்கி, அலைந்து திரிந்து போய்ச் சேர்ந்தபோது, கேட்டுக்கு வெளியே ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒருவர் குடையோடு நின்றிருந்தார். வெகுநேரமாக நிற்கிறார் என்று பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் சொன்னார். வழி தெரியாமல் நான் நாலு பேரைக் கேட்க வேண்டியிருக்குமாம், அந்த நாலு பேருக்கும் தொந்தரவாம். அதற்காக நின்றாராம். மேலே போனால் காப்பி ஏற்கெனவே பிளாஸ்கில் தயாராக இருந்தது. "போட்டுத் தரட்டுமா" என்று கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்லவேண்டி வருமே, அந்தச் சங்கடம் எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்.

ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பீரோ. புத்தகமோ வெள்ளிப் பாத்திரமோ என்று பார்த்தால் அத்தனையும் பொம்மை. தகரத்தில் செய்து வண்ணம் அடித்த பழைய சாவிப் பொம்மைகள். தரையைக் கொத்துகிற கோழி, மோட்டார் சைக்கிள்காரன், ராட்டினம், மேளம் அடிக்கிற குரங்கு, தண்ணீரில் விட்டால் படபடவென்று ஓடும் படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்பேட்டை பக்கம் கூடுகிற பழைய சாமான் சந்தையில் பொறுக்கி எடுத்து வந்தவை என்றார். பேரம் பேசத் தெரியாது அவருக்கு. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, சாவி இல்லாததையும் ஸ்பிரிங் போனதையும் வாங்கி வருவார். வீட்டில் உட்கார்ந்து மெல்ல ஓட வைப்பார்.

தனியாக இருக்கிற ஆள், குழந்தை குட்டி இல்லை, வீடு நிறைய பொம்மை. என் பையை மெதுவாக வாசல் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் கவனித்தாரா, தானாகவே தோன்றியதா தெரியாது. வாசல் கதவை விரியத் திறந்து, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே படிக்கட்டு முகப்பில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் டிரில் போட்டு முடிக்கும்வரை உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை போனபோதும் அதே மாதிரிதான். மழைச்சாரல் அடித்தாலும் நாற்காலி வெளியேதான்.

ஹாலிலும் சமையலறையிலும் ஒவ்வொன்று மாட்டி முடித்ததும் வந்து, ஹால் சுவரில் இருந்த வெள்ளை டப்பாவை அண்ணாந்து பார்த்தார்.

"இது என்னைப் பாக்குமா?"

"பாக்காது சார். கேமராவெல்லாம் இல்ல. சூடு நகர்ந்தா அதுக்குத் தெரியும். அவ்ளோதான்."

"நான்தான்னு தெரியாதா?"

"யாரு நடந்தாலும் அதுக்கு ஒண்ணுதான் சார்."

"அப்ப நல்லது" என்றார். எதற்கு நல்லது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பீரோவைத் திறந்து, உள்ளங்கை அளவு தகர வண்டு ஒன்றை எடுத்து, சாவி கொடுத்து, சாப்பாட்டு மேஜைமேல் விட்டார். அது தடதடவென்று நேராக விளிம்பை நோக்கிப் போனது. விழப்போகிறதே என்று நான் பாய்ந்து இரண்டு கையையும் ஏந்தினேன். விளிம்புக்கு வந்ததும் வண்டு சட்டென்று திரும்பி வேறு பக்கம் போயிற்று. அடுத்த விளிம்பிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் என் கை தன்னால் நீண்டது.

அன்றுதான் அவர் சத்தமாகச் சிரிக்கக் கேட்டேன். "நீங்க ஏன் டப்பாவ மாட்டறீங்க? உங்களையே சுவத்துல மாட்டிட்டுப் போயிடலாமே. பேட்டரிகூட வேணாம்."

வண்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். முன்னால் மீசை மாதிரி ஒரு சின்னத் தகடு மேஜையைத் தொட்டுக்கொண்டே வருகிறது. விளிம்பு வந்ததும் அதற்குத் தொட ஒன்றும் இல்லை, தாழ்ந்துவிடுகிறது. உடனே வயிற்றுக்கு அடியில் குறுக்காக இருக்கும் சக்கரம் மேஜையைப் பிடித்து வண்டைத் திருப்பிவிடுகிறது. "இருட்டுல நாம விரலை நீட்டித் தடவிட்டுப் போவோமில்ல, அதைத்தான் தகரத்துல பண்ணியிருக்கான். உங்க டப்பாவும் அதேதான்மா. விரல் கொஞ்சம் நீளம். சிங்கப்பூர்லேர்ந்து இங்க வரைக்கும்."

நான் பல வருடம் சாலிடர் வைத்த சாமானை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு பஸ்ஸில் என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த தடவை பேட்டரி பார்க்கப் போனபோது, மேலே ஏறுவதற்குள் கீழ்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். மாடியில் இப்போது நடை சத்தமே கேட்பதில்லையாம். சார் ஹாலின் நடுவில் கால் வைப்பதில்லை, சுவரை ஒட்டி ஒட்டிப் போகிறாராம். "ஹால்ல நடந்தா தங்கச்சிக்கு அங்க போன் அடிக்குமாம். அவ தூக்கம் கெட்டுடுமாம். நீ என்னம்மா மாட்டிக் கொடுத்த?"

ஒவ்வொரு அசைவும் தங்கையின் போனில் இருக்கிற ஆப்பில் சும்மா பதிவாகும், அவ்வளவுதான். காலையிலிருந்து மதியம்வரை ஒன்றுமே அசையாவிட்டால்தான் போன் அடிக்கும் என்று நான் எடுத்துச் சொல்லியிருந்தேன். அவர் நம்பவில்லை. நடந்து தொந்தரவு கொடுப்பதைவிட நடக்காமல் இருப்பது மேல் என்று முடிவு செய்துவிட்டார். சாயங்காலமானால் சாவிப் பொம்மைகளை ஓட்டுவதும் அப்படித்தான். கீழே சத்தம் போகக்கூடாது என்று கம்பளியை நாலாக மடித்து விரித்து அதன்மேல் ஓட்டுவார். மேளம் அடிக்கிற குரங்கின் குச்சிகளில் பஞ்சு சுற்றியிருந்தார். அது தலையை ஆட்டி ஆட்டி மும்முரமாக அடிக்கும். ஒரு சத்தமும் வராது.

அவர் எதிரிலேயே தங்கைக்கு வீடியோ கால் போட்டேன். அந்த அம்மா விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். அப்புறம் குரல் மாறிவிட்டது. "அண்ணா, நீ நடந்தாதான் எனக்கு நிம்மதி. காலைல ட்ரெயின்ல போகும்போது அந்த ஆப்பைத்தான் பாத்துட்டுப் போறேன். ஹால்ல அசைவுன்னு வந்தா, சரி, எந்திரிச்சுட்டான்னு நினைச்சுக்குவேன்."

சார் போனைப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினார். பிறகு எழுந்து, ஹாலின் நடுவில், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு நடை போய் வந்தார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய் நிற்கிற பையனைப் போல வெட்கமாக இருந்தது அந்த நடை. அன்றிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்ததும் அதற்கென்றே ஹாலைக் குறுக்காக நடப்பார் என்று அக்கா சொன்னார்.

தங்கை கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். ஒரு தடவை விழுந்தாலும் இனி தனியாக இருக்க விடமாட்டேன், வயதானவர்கள் இருக்கிற விடுதி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். வீட்டை இடித்துக் கட்ட ஒருவர் வேறு கேட்டுக்கொண்டே இருந்தார். விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. பீரோவுக்கு இடம் இல்லை. இதை சாரே என்னிடம் சொன்னார், யாருக்கோ நடக்கப்போகிற விஷயம் போல.

ஒரு மழைக்காலத்தில் தங்கையிடமிருந்து ஆபீஸுக்கு போன் வந்தது. ஹால் சென்சார் வேலை செய்கிறது, சமையலறை சென்சார் இரண்டு நாளாக ஒன்றும் காட்டவில்லை, பேட்டரி போயிருக்கும், மாற்றுங்கள் என்றார். அண்ணனிடம் பேசினாராம், நன்றாக இருக்கிறேன் என்றாராம். என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை. அந்த பேட்டரியை நான்தான் போன மாதம் புதிதாகப் போட்டேன். எப்படிப் போகும்?

வாசல் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. நான் மணியை அழுத்தினேன்.

"வாங்க, தொறந்துதான் இருக்கு" என்று உள்ளறையிலிருந்து குரல்.

ஹாலுக்குள் கால் வைத்தேன். நடுவில் ஒரு தகர லாரி நின்றுகொண்டிருந்தது. சிவப்பு வண்ணம் பாதி உரிந்த பழைய லாரி. அதன்மேல் சுருட்டி வைத்த ஈரத் துண்டு. இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. லாரியின் பின்னால் ஒரு கயிறு, அறை வாசல் வழியாக உள்ளே போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு இழுபட்டு, லாரி மெல்லப் பின்னால் நகர்ந்து அறைக்குள் போனது.

சார் கட்டிலில் இருந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே வீங்கிப் பளபளத்தது. பக்கத்து ஸ்டூலில் கரண்ட் கெட்டில், தண்ணீர் ஜாடி, பிஸ்கட் பாக்கெட். பாத்ரூமில் வழுக்கியிருக்கிறார். சுவரைப் பிடித்து எப்படியோ கட்டிலுக்கு வந்தவர், அதற்கப்புறம் சமையலறைப் பக்கமே போகவில்லை. தங்கை பயந்துவிடக் கூடாதே என்று கட்டிலுக்கு அடியில் இருந்த லாரிக்குச் சாவி கொடுத்து ஹாலுக்கு அனுப்பியிருக்கிறார். வெறும் லாரி போனால் சென்சாருக்குத் தெரியவில்லை. அது சூட்டைத்தான் பார்க்கும் என்று நான் சொன்னது நினைவு வந்ததாம். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சுருட்டி, ஏற்றி அனுப்பியிருக்கிறார். சென்சார் டப்பாவில் சின்ன விளக்கு மினுங்கியதும் நிம்மதியாகிக் கயிற்றை இழுத்துக்கொள்வார். சிங்கப்பூரில் தங்கை ட்ரெயினில் உட்கார்ந்து, அண்ணன் ஹாலில் நடக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

"நல்லா வேலை செய்யுது உங்க டப்பா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிடவில்லையா என்றேன். மழை நேரம், அவர் படி ஏறவேண்டி வரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "சமையல்கட்டுல பேட்டரிதான் போச்சுன்னு எழுதிடறீங்களா?"

நான் முடியாது என்றேன். ராத்திரி நான் தூங்கவேண்டாமா சார் என்றேன். அவர் தலையசைத்தார். அது ஒரு தொந்தரவாக அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அக்காவும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பில் விரிசல். கட்டுப்போடக் காத்திருக்கும்போது, நீங்களே தங்கையிடம் சொல்லுங்கள் என்று போனைக் கொடுத்தேன். அவர் அந்த அம்மாவிடம், அங்கே மழையா, மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, என் கையில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்தான் சொன்னேன். காலைச் சொன்னேன், லாரியைச் சொன்னேன்.

லாரி என்றதும் அந்த அம்மா குறுக்கிட்டார்.

"செவப்பு லாரியாம்மா? பின்னாடி கயிறு கட்டி?"

"ஆமாங்க."

"அது சந்தையில வாங்கினது இல்ல. அவனுக்கு சின்ன வயசுல அம்மை போட்டப்ப என்னை ரூமுக்குள்ள விட மாட்டாங்க. நான் வாசல்ல உக்காந்து அழுவேன். அந்த லாரில நெல்லிக்காய் வெச்சு எனக்கு அனுப்புவான். நான் எடுத்துட்டு கயித்த ஆட்டுவேன், இழுத்துக்குவான்."

தங்கை வந்தார். அழுதார், சண்டை போட்டார், வீட்டைக் காலி செய்தார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியைத் தாண்டி இருந்த ஒரு விடுதியில் சாரைச் சேர்த்தார். பொம்மைகளை எல்லாம் சந்தையில் பழக்கமான வியாபாரி ஒருவரே வந்து எடுத்துப் போனார். சார் காலில் கட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமலே தெரியட்டும் என்று மேலே கோழி, குரங்கு, படகு என்று எழுதியும் கொடுத்தார். வண்டும் போயிற்று. லாரியை மட்டும் வைத்துக்கொண்டார்.

நான் அந்த விடுதிக்குப் போயிருக்கிறேன். சுத்தமான இடம். கட்டிலுக்குத் தலைமாட்டில் சிவப்புப் பட்டன், அழுத்தினால் நர்ஸ் வருவார். வராந்தாவில் யாராவது நடந்தால் தானாக எரிகிற விளக்கு. சார் அதை எனக்குக் காட்டி, "இங்கயும் உங்க ஆளு இருக்கார்" என்றார். வெளியூர் போன இடத்தில் உறவுக்காரரைப் பார்த்த மாதிரி.

கிளம்பும்போது நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் பட்டனை அழுத்த மாட்டார், நீங்கள்தான் அடிக்கடி எட்டிப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அந்தப் பெண் என் தோளைத் தட்டினாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கக்கா. ஒரே வாரம். அப்புறம் சும்மா சும்மா அழுத்துவாங்க பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். எல்லாம் சௌகரியம் என்பார். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தாரா என்று அவரே கேட்பார், ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து. பட்டனை அழுத்தினீர்களா சார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அடுத்த பனிக்காலத்தில் போய்விட்டார். தூக்கத்திலேயே, கஷ்டமில்லாமல் என்றார்கள். தங்கை விமானத்தில் வந்துகொண்டிருந்தார், நான் முன்னாலேயே போய்விட்டேன். சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போர்வைகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. ஸ்டூலில் கெட்டில்.

வெளியே வந்து நின்றேன். ராத்திரி வாட்ச்மேன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அந்த வராந்தா விளக்கு ராத்திரி கொஞ்ச நேரம் எரிந்து எரிந்து அணைந்ததாம். யாரோ தூக்கம் வராமல் நடக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

கூட்டுகிற அம்மாவைத் தேடிப் போய், வராந்தாவில் ஏதாவது கிடந்ததா என்று கேட்டேன். கிடந்தது என்றார். ஒரு பொம்மை லாரி. காலையில் தடுக்கி விழப் பார்த்தாராம். நர்ஸ் அறைக்குத் திரும்புகிற மூலைக்கு முன்னாலேயே நின்றிருந்தது; கயிறு அவ்வளவுதான் நீளம். அதன்மேல் ஒரு துண்டு இருந்ததாம். அதை எடுத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தார்.

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம் இருந்தது.

தங்கை வந்ததும் அவரிடம் மறைக்கவில்லை. அவர் லாரியை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"வான்னு கூப்பிட்டானா? இல்ல, நல்லாத்தான் இருக்கேன், யாரும் எந்திரிச்சு வராதீங்கன்னு சொன்னானா?"

சென்சார் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. விளக்கு எரிந்திருக்கிறது.